சிக்கந்தர் கடையில் நிற்கும் என் லாரி

போடியில் எனக்கும் ஏலக்காய்க் கடை சிக்கந்தருக்கும் பொம்மை ராணுவ வண்டிகள் சேர்ப்பதில் ஒரே பைத்தியம். இருவரிடமும் உள்ளங்கை அளவில் ஒரே மாதிரி ராணுவ லாரி இருந்தது. அதன் சக்கரம் சுழலாது. அந்தக் குறை பொறுக்காமல் நான் சக்கரங்களை அறுத்தெடுத்து, குடைக்கம்பியை அச்சாக்கி ஓட வைத்தேன். போடிமெட்டு மலைக்குப் போய்வரும் ஜீப்பின் மட்கார்டில் சுரண்டிய செம்மண்ணைப் பசையில் குழைத்து அடியில் பூசினேன். சிக்கந்தர் பார்த்துப் பெருமூச்சு விட்டான். எனக்கு அது போதுமாக இருந்தது.

சில மாதங்களில் கம்பெனியே அந்த லாரியைத் திருத்தி வெளியிட்டது. சக்கரம் சுழலும், கதவு திறக்கும், சேறு அப்பியதுபோல் பெயிண்ட்டும் உண்டு. சிக்கந்தர் முந்திக்கொண்டு வாங்கிவிட்டான். அதை அவனிடமிருந்து கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

என் முகத்தைக் கவனித்திருப்பான் போல. "அண்ணே, புடிச்சிருந்தா இத நீங்களே வச்சுக்கங்க. ஒங்க லாரிய எனக்குக் கொண்டாங்க, போதும்" என்றான்.

சரியான ஏமாளி என்று நினைத்தேன். அவன் மனம் மாறுவதற்குள் வீட்டுக்கு ஓடி எடுத்துவந்து கொடுத்தேன்.

இப்போது அது அவன் கடைக் கண்ணாடிப் பெட்டியில் நிற்கிறது. வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அண்ணே கையால செஞ்சது, ஒலகத்துலயே இது ஒண்ணுதான்" என்று உருட்டிக் காட்டுகிறான். முன்சக்கரம் லேசாகக் கோணித்தான் ஓடுகிறது.

புது லாரி என் அலமாரியில் ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது. யாருக்கும் காட்டத் தோன்றவில்லை. அவன் கடையைத் தாண்டும்போதெல்லாம், நானே செய்த வண்டியைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.