பரிசல்காரருக்கு ஒரு மனை

ஒகேனக்கல் ஆற்றங்கரையில், மனைக்கல் நட்ட இடத்தில் நிற்கிறேன். சேலத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு அரை மணிதான் இருக்கிறது. தர்மபுரி தனி மாவட்டமாகிவிட்டது, இனி ஆற்றோர மனைக்கு மவுசு என்கிறார் முதலாளி. ஆறு தெரிந்த பரிசல்காரர்களே வாங்கிவிட்டால் மற்றவர்கள் தயங்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஒருவரையாவது பிடிக்காமல் திரும்பி வராதே என்று சொல்லித்தான் என்னை அனுப்பியிருக்கிறார். காலையிலிருந்து யாரும் நோட்டீஸைக்கூடக் கையில் வாங்கவில்லை.

பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்தபடி மாதையன் கரையேறுகிறார்.

"வாசல்லயே பரிசலைக் கட்டிப்போடலாங்க," என்று ஆரம்பிக்கிறேன்.

"கட்டிப்போட மாட்டோமுங்க. கவுத்துக் காயப்போடோணும்," என்கிறார். கல்லுக்குக் கல் நடந்து பார்க்கிறார். "சரிங்க, ஒண்ணு எம்பேருக்கு எழுதுங்க."

எனக்கு உயிர் வருகிறது. "வீடு எப்பங்க கட்டப்போறீங்க?"

"வூடா? இது பரிசலுக்குங்க. எங்க வூடு அதா, மேட்டுல இருக்குது. தண்ணி ஏறுனா பரிசலத் தூக்கிட்டு ஓடிரலாம். வூட்டத் தூக்கிட்டு ஓட முடியுங்களா?"

பெயர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிடுகிறது. பக்கத்து மனையைப் போன வாரம்தான் நல்லம்பள்ளி வாத்தியார் ஒருவருக்கு விற்றேன். நாளைக் காலை அஸ்திவாரம் தோண்ட, கைக்குழந்தையோடு வருகிறார்கள்.

பஸ்ஸில் கண்டக்டர் எதிரே வந்து நிற்கிறார். சேலம் என்று சொல்ல வாயெடுத்தவன், "நல்லம்பள்ளி ஒண்ணு," என்கிறேன்.