நீர்மூழ்கி மாப்பிள்ளை

எங்கள் அத்தையின் கல்யாணத்தை முடிவு செய்தது நான்தான். அப்போது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். இதை இன்றுவரை யாரும் மறுத்ததில்லை. அத்தையே ஊருக்கு வரும்போதெல்லாம், எனக்கு மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தவள் இவள்தான் என்று என்னை நாலு பேருக்குக் காட்டுவாள். அந்தப் பெருமையை வைத்து நான் அவளிடம் வாங்கித் தின்ற பண்டங்களுக்குக் கணக்கே கிடையாது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட, அப்பாவின் தோளிலேயே வளர்ந்தவள். அவளுக்கு முதலில் ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து, பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டதில் நின்றுபோனது. அதற்குப் பிறகும் அவள் சமைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், என் வீட்டுப்பாடத்தில் தப்புக் கண்டுபிடித்தாள். சிரிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றாள். அப்பாவும் அவளை வற்புறுத்தவில்லை.

அப்படி இருக்கையில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. மாப்பிள்ளை கப்பற்படையில், விசாகப்பட்டினத்தில் வேலை. போட்டோவைப் பார்த்த அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமல்ல, போட்டோவைத் திருப்பியும் தரவில்லை. அம்மா அதைக் கவனித்துவிட்டாள். அப்பா மிகவும் சந்தோஷப்பட்டார். ஆனால் அந்தச் சந்தோஷம், மாப்பிள்ளை போகும் கப்பல் தண்ணீருக்கு மேலே ஓடுவதில்லை, அடியில் ஓடுவது என்று தெரிய வந்த அன்று சாயங்காலத்தோடு முடிந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளை வீட்டுக் கிணற்றைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பார்கள். சித்திரை மாதத்திலும் தண்ணீர் நின்றால் மேற்கொண்டு பேசுவார்கள். வானம் பார்த்த பூமி. தண்ணீர் இல்லாத வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டு அவள் குடத்தோடு அலைவதை யார் பார்ப்பது? இப்படித் தண்ணீர் இல்லாமல் நின்றுபோன சம்பந்தங்கள் எத்தனையோ உண்டு. தண்ணீர் அதிகமாகிப் போய் நின்ற சம்பந்தம் எங்கள் வீட்டில்தான். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று அப்பா பாப்பாரப்பட்டிச் சந்தையில் வைத்துப் பத்துப் பேர் முன்னிலையில் சொன்னார். சொன்னதோடு விட்டிருக்கலாம். என் வாயால் சரி என்று சொல்லமாட்டேன் என்று சபதமும் செய்துவிட்டார். அப்பாவின் சபதத்துக்கு எங்கள் ஊரில் மரியாதை உண்டு. அதனால் அவர் அடிக்கடி அதில் மாட்டிக்கொள்வார்.

அம்மாதான் வழி கண்டாள். கிணற்றைப் பார்க்காமலே வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம், ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாள். அத்தை அதற்கும் ஒரு படி மேலே போனாள்.

"இருக்கப் போறவ நானு. நானும் வந்து பாக்கறேண்ணா" என்றாள்.

பெண்ணே மாப்பிள்ளை பார்க்கப் போகிறாளாம் என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மொரப்பூரில் ரயில் ஏறி, சென்னையில் வண்டி மாறி, கட்டுச்சோற்று மூட்டையோடு நாங்கள் நாலு பேரும் விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம்.

மாப்பிள்ளை வேலை முடிந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, தொப்பியும் ஷூவும்கூட வெள்ளை. இவ்வளவு வெள்ளையாக ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பாவை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மச்சான் என்றால் உரிமை கொண்டாடியது போல் ஆகிவிடும். சார் என்றால் சொந்த ஊர்க்காரரிடம் நன்றாக இராது. ஒன்றும் சொல்லாமல் வாங்க, போலாமுங்களா என்று வெறும் 'ங்க' போட்டே அவர் அன்றைய பொழுதை ஓட்டினார்.

ஊரைச் சுற்றிக் காட்டி அப்பாவின் பயத்தைத் தெளிவித்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த மலையைக் காட்டி, இந்த மலை மறைப்பதால்தான் துறைமுகத்துக்குக் காவல், புயலும் எதிரியும் சுலபத்தில் உள்ளே வர முடியாது என்றார். அப்படியானால் எதிரி வருவான் என்கிறீர்கள் என்றார் அப்பா. பழைய கலங்கரை விளக்கத்தைக் காட்டினார். இத்தனை பெரிய விளக்கு வைக்க வேண்டியிருக்கிறதென்றால் எத்தனை கப்பல் முட்டியிருக்கும் என்று அப்பா கேட்டார். கடற்கரையில் வரிசையாக வைத்திருந்த பீரங்கிகளைப் பற்றி அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அத்தை ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளையைப் பார்ப்பாள், பிறகு அப்பாவைப் பார்ப்பாள், பிறகு தரையைப் பார்ப்பாள்.

கடைசியாக, மணலில் ஏற்றி நிறுத்தியிருந்த நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கூட்டிப் போனார். ஓய்வு பெற்ற கப்பல். இப்போது டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம். கரிய நீளமான அதன் வயிற்றுக்குள் குழாய்களும் சக்கரங்களும் கடிகார முகங்களுமாக அடைந்து கிடந்தன. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். மாப்பிள்ளை முன்னால் போனார், அடுத்து அத்தை, பிறகு நான், எனக்குப் பின்னால் அப்பா, கடைசியில் அம்மா. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான ஒரு ஓட்டைதான் வாசல். நான் அதில் தாவிக் குதித்தேன். அப்பா ஒரு காலையும் தலையையும் உள்ளே விட்டார். தொப்பை வரவில்லை. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், வேட்டியோடு அந்த ஓட்டையில் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய சுற்றுலாக் கூட்டம் வேற்று மொழியில் முணுமுணுத்தது.

இது எதுவும் தெரியாமல் அத்தை முன்னால் போய்விட்டாள். அங்கே சுவரோடு அடுக்கியிருந்த ஒடுக்கமான படுக்கைகளைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையிடம் முதல் முதலாக வாய் திறந்து கேட்டாள்.

"உள்ள இருக்கறப்ப பகலு, ராத்திரின்னு எப்படிங்க தெரியும்?"

"சோத்த வச்சுத்தானுங்க. உப்புமா வந்தா விடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார் அவர். "ஒருநா சமையல்காரர் ராத்திரிக்கும் உப்புமா போட்டுட்டாருங்க. பாதிப் பேரு பல்லு வெளக்கப் போயிட்டாங்க."

அத்தை சிரித்தாள். அந்த இரும்புக் குழாய் முழுவதும் அந்தச் சிரிப்பு ஓடி வந்தது. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அதுவரை திமிறிக்கொண்டிருந்தவர் அப்படியே அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தாள். நாங்கள் மறுபக்கமாக இறங்கி வந்தபோது அப்பா வெளியே நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரே வேக்காடு என்றார். கண்ணை ஏன் அவ்வளவு அழுத்தித் துடைத்தார் என்று நான் யோசிக்கவில்லை.

ஆனாலும் சபதம் சபதம்தான். இந்தக் குழாய்க்குள்ளே என் தங்கையை அனுப்பமாட்டேன் என்று ஆரம்பித்தார்.

"அவ எங்கீங்க போறா, அவருதான போறாரு" என்றாள் அம்மா.

பதில் இல்லாதபோது அப்பாவுக்குக் கோபம் கூடும். சாயங்கால ரயிலுக்கு நேரமாகிறது, கிளம்பலாம் என்றார். அத்தையின் முகம் சின்னதாகிவிட்டது. போட்டோவை அவள் கைப்பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். திருப்பிக் கொடுக்கத்தான் எடுக்கிறாள் என்று எனக்கே புரிந்தது, அழுகையாக வந்தது.

போகிற வழியில்தான் போர் நினைவுச்சின்னம். போரில் இறந்தவர்களுக்காக எழுப்பிய கல். அதற்கு வெகு தூரத்திலேயே மாப்பிள்ளை குனிந்து ஷூவைக் கழற்றினார். வெயிலில் தரை கொதித்தது. அந்தச் சூட்டில் வெறுங்காலோடு போய் நின்று கும்பிட்டார். இங்கே இப்படித்தான் சட்டமா என்று அப்பா கேட்டார்.

"சட்டமில்லீங்க. நம்மூருல வேடியப்பங் கல்லுகிட்டச் செருப்போட போவமுங்களா? இவங்களும் அப்படிச் செத்தவங்கதானுங்க."

எங்கள் கொல்லையோரத்திலும் வேடியப்பன் உண்டு. பலகைக் கற்களுக்கு நடுவே, வில்லும் வாளுமாக ஒரு வீரன் நிற்கும் கல். எந்தக் காலத்திலோ சண்டையில் செத்து எங்களுக்குச் சாமியானவன். விதைப்பதானாலும் வீடு கட்டுவதானாலும் அவனிடம் பூக் கேட்காமல் அப்பா ஒரு காரியம் செய்யமாட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அதோடு விட்டுவிட வேண்டும்.

அப்பா அந்த நினைவுக் கல்லை மேலும் கீழும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, இவர் சொல்லட்டும் என்று கல்லைக் காட்டினார். கடல் ஒருவனைத் திருப்பித் தருமா தராதா என்பது இவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அம்மா உடனே பையிலிருந்து சூடத்தை எடுத்தாள். காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார். மாப்பிள்ளை இந்தியில் என்னவோ சொன்னார். நெருப்பு கூடாது, பூ வைத்துக்கொள்ளுங்கள் என்று காவல்காரர் சொல்லிவிட்டு நகர்ந்து போனார். அப்பா பூக்காரியிடம் மல்லிகையும் ஒரு சிவப்பு ரோஜாவும் வாங்கினார். பாதாம் மரத்தடியில் இரண்டு இலை பொறுக்கினார். காற்று அடிக்கிறது என்று பீரங்கிக்குப் பின்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தானே பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். அம்மா பூக் கட்டுவதில் கெட்டிக்காரி. அவளிடம் கொடுத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

கல்லுக்கு முன்னால் இரண்டையும் வைத்தார். "எடு கண்ணு" என்றார்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். எதைத் தொடுவது என்று தெரியாமல் நான் இதற்கும் அதற்குமாகக் கையைக் கொண்டுபோனேன். அப்பா மட்டும் நிம்மதியாகக் கடலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன்.

மல்லிகை.

அத்தை என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். சாமி சொன்ன பிறகு நான் என்ன சொல்வது என்று அப்பா கையை விரித்தார். சரி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து கடைசிவரை வரவே இல்லை. சபதம் காப்பாற்றப்பட்டது.

"தண்ணி குடிக்கிறீங்களா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

சாயங்காலம் ரயில் கிளம்பியது. எடுக்காத பொட்டலத்தை யாருக்கும் தெரியாமல் நான் பாவாடை மடியில் முடிந்து வைத்திருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். அதிலும் மல்லிகைதான் இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அத்தையை ஒரு முறை பார்த்துக்கொண்டு, என் காதருகில் குனிந்தார்.

"கப்பக்காரங்க சாமி கண்ணு. அதுக்கு வெள்ளதான் புடிக்கும்."

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. உடுப்பு, தொப்பி, ஷூ எல்லாமே வெள்ளையாக இருக்கும்போது பூ மட்டும் எப்படிச் சிவப்பாக இருக்கும்? என் கண்ணெதிரே இப்படி ஓர் அற்புதம் நடந்துவிட்டதே என்று அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கொண்டையில் ஒரு சிவப்பு ரோஜா இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.