சிநேகிதனுக்கு வந்த கல்லடைப்பு

ஆண்களின் நீர்வழி நோய்களுக்கு வைத்தியம் செய்பவனிடம் நோயாளி வருவதே இல்லை. நோயாளியின் சிநேகிதன்தான் வருவான்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியோரத்தில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு சிறிய அரசாங்க மருந்துச்சாலையில் நான் அப்போதிக்கரி என்னும் உதவி வைத்தியனாக இருந்தேன். இளம் வயதில் கொழும்பில் இந்த நோய்களுக்கென்றே இருந்த ஒரு சத்திரவைத்தியரின் கீழ் வேலை பழகியவன். அந்தச் செய்தி எப்படியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. சளி, காய்ச்சல்காரர்கள் காலையில் வந்து போவார்கள். மத்தியானம் கூட்டம் கலைந்தபிறகு, சால்வையால் தலையை மூடிக்கொண்டு சிநேகிதன்மார் வருவார்கள். ஒரு நேரான கேள்விக்கு ஒரு நேரான பதில் கிடைக்காமல் தலையில் கைவைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் துன்பம் எனக்குத் தெரியும். என்னுடையதையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஏர்க்கால்

நிறைய வயல் வைத்திருந்த போடியார் ஒருவர் வந்தார். உட்காரவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு, தமது வண்டிலின் ஏர்க்கால் கொஞ்சநாளாக இடப்பக்கம் வளைந்திருக்கிறது என்றார். நடுவில் ஒரு கணு மாதிரித் தடித்திருக்கிறதாம். நிமிர்ந்தால் நோகிறதாம். வண்டிலுக்கு நோகுமா என்று நான் கேட்கவில்லை. இது அபூர்வமாக வரும் ஒரு நோய். ஆணுறுப்பின் உள்ளே தழும்பு போலத் தடித்து, அதை ஒரு பக்கம் இழுத்துவிடும். புற்றுநோய் அல்ல, சிலருக்குக் காலப்போக்கில் தானே இளகும். நேராகச் சொல்லியிருந்தால் இதை நான்கு வாக்கியத்தில் முடித்திருப்பேன். போடியாருக்காக முழுவதையும் ஏர்க்காலாகவே சொல்லவேண்டி வந்தது. அவருக்குக் காது மந்தம். ஆகவே உரத்தும் சொல்லவேண்டி வந்தது.

அயடைட்டுக் கலவை எழுதிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விட்டேன். மருந்து கலக்கும் பீற்றர் கதவால் தலையை நீட்டினார். "ஐயா, வெளியில மருந்துக்கு நிக்கிற தச்சன் கேக்கிறார், போடியார்ட ஏர்க்காலைத் தான் ஒருக்காப் பாக்கட்டாமோ எண்டு."

நெய்ச்சோறு

காத்தான்குடியில் புடைவைக்கடை வைத்திருந்த மீராலெவ்வை ஒரு போத்தலை மேசையில் வைத்தார். உள்ளே பால் போல ஏதோ இருந்தது. "என்ட மச்சான்ட சிறுநீர் டொக்டர்," என்றார். இதுவும் எப்போதாவதுதான் வரும். நுளம்பு கடித்துக் கொண்டுவரும் ஒரு நுண்ணிய புழு உடம்பின் கொழுப்பு போகும் குழாய்களை அடைத்துவிட, கொழுப்பு வழிதவறிச் சிறுநீரில் இறங்கிவிடுகிறது. படுத்து ஓய்வெடுக்க வேண்டும். கொழுப்புள்ள சாப்பாட்டை நிறுத்த வேண்டும். தேங்காய்ப்பால், எருமைத்தயிர், நெய் மூன்றும் ஆகாது என்றேன். மச்சானுக்குச் சொல்லும் செய்தியைக் கேட்டு இவர் முகம் ஏன் இப்படி வாடுகிறது என்று கேட்கும் பொறுமைகூட எனக்கு அன்று இல்லை.

அவர் வியாபாரி அல்லவா? பேரம் தொடங்கியது. பாதித் தேங்காய்ப்பாலுக்கு இறங்கினார். நான் அசையவில்லை. தயிரை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கேட்டார். நான் தலையாட்டவில்லை. எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "சரி டொக்டர், தேங்காப்பாலையும் விடுறன், தயிரையும் விடுறன். நெய்ச்சோத்தை மட்டும் எனக்கு... என்ட மச்சானுக்கு விட்டுத் தாங்க!"

வண்டில்காரரின் சிநேகிதன்

கணபதிப்பிள்ளை குருக்கள்மடத்தில் நெல்மூட்டை ஏற்றும் வண்டில்காரர். பேச்சில் நெருப்பு, யாரோடும் ஒத்துப்போகாதவர். தமது சிநேகிதனுக்குச் சிறுநீர் பாதியில் நின்றுவிடுகிறது என்றார். மல்லாந்து படுத்தால் மறுபடி வருகிறதாம். வண்டில் குலுங்கினால் பிறகு இரத்தம் கலந்து போகிறதாம். மூத்திரப்பையில் கல் உருள்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். சிநேகிதரும் வண்டில்காரரோ என்றேன். "ஓம் ஐயா." யாருடைய வண்டில் என்றேன். "என்ட வண்டில்தான் ஐயா."

ஒன்றும் சிரிக்கிற விஷயமில்லை. கல் வந்து வாசலை முழுதாக அடைத்துக்கொண்டால், பை வீங்கி, சிறுநீரகம் கெட்டு, ஆள் இறந்துபோவான். மட்டக்களப்பு ஆசுப்பத்திரியில் சத்திரவைத்தியர் வெட்டி எடுப்பார். ஆனால் ஆள் வரவேண்டும், சிநேகிதனை வெட்ட முடியாது. இதை விளக்கமாகச் சொன்னேன். மறுமுறை வந்தபோது திட்டியும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொன்னார். "சொல்லிப் பாக்கிறன் ஐயா. அவன் ஆர்ர சொல்லும் கேக்கமாட்டான்."

கொக்குப் பாட்டின் தகப்பன்மார்

இந்தத் தொல்லை போதாதென்று எனக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. ஒரு மாதப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு எழுதிவந்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் பாடும் ஒரு பாட்டை அனுப்பியிருந்தேன். வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடும் விதானைமாரைக் கேலி செய்யும் பாட்டு அது.

கொக்கே கொக்கே வட்டைக் கொக்கே
ஒற்றைக் காலில் என்ன தவமோ?
மீனைக் கண்டால் தவமும் போச்சோ?
வெள்ளைச் சட்டை விதானை தானோ?

இயற்றியவர் பெயர் இல்லாமல் அச்சிட முடியாது என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய் விசாரித்தேன். நோய்க்கு ஆள் கிடைக்காத அதே நாட்டில் பாட்டுக்கு ஆள் குவிந்தார்கள்! சித்தாண்டியில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், தம் தகப்பனார் கட்டியது என்றார். மீனுக்குப் பதிலாகத் தவளை என்று பாடினால் என்ன என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். அடிக்க வந்துவிட்டார். குருக்கள்மடத்துச் சட்டம்பியார், தம் மாமனார் கட்டியது என்றார். அவரும் ஒரு சொல்லை அசைக்க விடவில்லை. சித்தாண்டியாரும் உரிமை கேட்கிறார்களே என்றேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த அந்த மனிதர் சொன்னார். "சித்தாண்டியில கொக்கே இல்லையே, மறுகா எப்படிகா பாட்டு வரும்?"

சிநேகிதனா, நீங்களா?

ஒருநாள் மத்தியானம் கணபதிப்பிள்ளையின் வண்டில் மருந்துச்சாலை முற்றத்துக்குள்ளேயே வந்து நின்றது. ஓட்டி வந்தது அவர் மனைவி கண்ணம்மை. கணபதிப்பிள்ளை வைக்கோலின்மேல் சுருண்டு கிடந்தார். அடிவயிறு பானை போல எழுந்திருந்தது. "விடிஞ்சதில இருந்து ஒரு சொட்டு இல்ல ஐயா," என்றார் கண்ணம்மை. "சிநேகிதனாம் சிநேகிதன்! இந்தச் சண்டைக்காரனோட ஆர் ஐயா சிநேகிதம் வச்சான்?"

மேசையில் கிடத்தினோம். வியர்வையில் குளித்துக்கொண்டு, அப்போதும் அந்த மனிதர், "ஐயா, என்ட சிநேகிதனுக்கு..." என்று தொடங்கினார். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல? ரப்பர் குழாயை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, இதை உங்களுக்குப் போடவா, சிநேகிதனைத் தேடிப்பிடித்துப் போடவா என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்குத்தான் ஐயா. போடுங்க."

மேசையில் ஒரு பாட்டு

உடம்பை இறுக்கினால் குழாய் போகாது. எதையாவது பாடுங்கள் என்றேன். அவர் கொக்குப் பாட்டைத்தான் எடுத்தார். எல்லாரும் பாடுவதுதானே என்று நான் என் வேலையைப் பார்த்தேன். மூன்றாம் அடியில் நிறுத்தினார். "மீனெண்டா எந்த மீன்? சப்பெண்டு இரிக்கு," என்று தமக்குத்தாமே முனகினார். பிறகு, நான் எங்குமே கேட்டிராத அடிகள் வந்தன.

கெளிறு விழுங்கிய வட்டைக் கொக்கே
உள்ளே போச்சோ, வெளியே வருமோ?
குளம் நிறையத் தண்ணீர் நிற்க...

"இல்ல, குளமெண்டா சின்னனாப் போகுது," என்று பல்லைக் கடித்தபடி திருத்தினார்.

வட்டை முழுக்கத் தண்ணீர் நிற்கச்
சொட்டும் போக வழியில்லையோ?

என் கை நின்றுவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பாட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். இவர் மட்டும் அதைத் தம் வீட்டுக் கதவைப் போலத் திறந்து, நிலையைக் கழற்றி மாட்டுகிறார். முள்ளுள்ள கெளிற்று மீன் தொண்டையில் சிக்கிய கொக்கும், வழியடைத்த தண்ணீரும் வேறு யாருக்கு அந்த நேரத்தில் தோன்றும்? பாட்டைக் கட்டியவரே என் மேசையில் கிடக்கிறார். நான் வாயைத் திறந்து நிற்பதைப் பார்த்து, பாத்திரம் பிடித்திருந்த பீற்றர் உறுமினார். "ஐயா, கையைப் பாருங்க. ஆள் இருந்தாத்தானே மறுகா பாட்டு!"

கடைசியாக ஒரு சிநேகிதன்

குழாய் கல்லைப் பின்னுக்குத் தள்ளியது, வட்டை வடிந்தது. அன்றே அவரை மட்டக்களப்புக்கு அனுப்பினேன். சத்திரசிகிச்சை முடிந்து, காயம் ஆறி, கணபதிப்பிள்ளை தாமே வண்டில் ஓட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். புறாமுட்டை அளவான கல்லைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். முதல்முறையாகச் சால்வை தலையில் இல்லை. வாசலில் நின்றவர்களுக்கெல்லாம், "என்ட கல்லு, பாருங்க," என்று காட்டிக்கொண்டே வந்தார். நல்ல நேரம் வாய்த்தது என்று, பாட்டையும் உங்கள் பெயரில் அச்சிடலாம்தானே என்று கேட்டேன்.

அவர் சால்வையை எடுத்து மெல்லத் தலையைச் சுற்றி மூடினார். அது தம் சிநேகிதன் ஒருவன் கட்டியது என்றார். அவன் பெயரைப் போட்டால், தங்கள் பாட்டென்று நினைத்துப் பாடுகிற ஊரெல்லாம் பாடுவதை நிறுத்திவிடும் என்று அவன் பயப்படுகிறானாம். அந்தச் சிநேகிதன் இந்த மேசையில்தான் கிடந்தான், என் காதால் கேட்டேன் என்று கெஞ்சினேன். அவனிடம் ஒருமுறை சொல்லியாவது பாருங்கள் என்றேன். கல்லை மடியில் கட்டிக்கொண்டு அவர் எழுந்தார். "சொல்லிப் பாத்தன் ஐயா. அவன் ஆர்ர சொல்லும் கேக்கமாட்டான்."

ஆக, நோய்க்கு உரியவரை ஒப்புக்கொள்ள வைக்க ஒரு ரப்பர் குழாய் போதுமாயிருந்தது; பாட்டுக்கு உரியவரை ஒப்புக்கொள்ள வைக்கும் கருவி மட்டும் எங்கள் மருந்துச்சாலை அலுமாரிக்கு இன்றுவரை வந்து சேரவில்லை.