பஞ்சம்மாளின் மூன்றாவது சாவி

பெயர்: பஞ்சம்மாள். வயது: 47. கல்வி: ஐந்தாம் வகுப்பு. தொழில்: பட்டாசுத் தொழிலாளி, திறன்சாராப் பிரிவு. சொந்த வாகனம்: இல்லை. ஓட்டுநர் உரிமம்: இல்லை. மேற்பார்வை: தேவை.

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆள் பதிவேட்டில் இப்படி எழுதியிருக்கிறது. இதில் பெயர் சரி. வயது, ஆதார் அட்டைக்காகக் குத்துமதிப்பாகச் சொன்னது. மேற்பார்வையைப் பொறுத்தவரை, வேன் ஓட்டுநர், வேன் முதலாளி, போர்மேன், வாட்ச்மேன் என்று நான்கு ஆண்கள் இந்த வருடம் அவளுடைய மேற்பார்வையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது என்பதுதான் அவளுடைய திறமை.

தினமும் காலையில் இருபது பெண்களை ஊரிலிருந்து ஏற்றிவந்து கம்பெனி வாசலில் இறக்கும் வேன், ராக்கப்பனுடையது. நிலபுலன் உள்ளவர், நிலத்தில் விடுவதை வேனில் பிடிப்பவர். ஓட்டுகிறவன் ராஜபாண்டியன், பஞ்சம்மாளுக்குக் கொழுந்தன் முறை. வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வேன் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாயங்காலம்வரை நிற்கும். வேன் நிற்கும், ராஜபாண்டியன் நிற்கமாட்டான். பதினொரு மணிக்கு எவனாவது பைக்கில் வந்தால் பின்னால் தொற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நாலரைக்குத் திரும்புவான். சாவியைக் கையோடு கொண்டுபோவான். பொறுப்பான ஆள்.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம் பஞ்சம்மாளின் மகள் பானுப்பிரியாவுக்கு இளைப்பு வந்தது. பக்கத்து அறையில் தாள் சுற்றுபவள். உறிஞ்சுகிற மருந்து உண்டு. அது பாதி நாள் கேட்கும், பாதி நாள் கேட்காது. அன்று கேட்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. பைக்கில் உட்கார வைத்தால் சரிந்துவிடும் நிலை. இருபது பேரை ஏற்றக்கூடிய வண்டி கண்ணெதிரே நின்றது. சாவி ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருந்தது. சாத்தூரிலிருந்து ஆட்டோ வந்து சேர முக்கால் மணி நேரம். பெண் பிழைத்தாள். சீசன் முடிகிறவரை இன்னும் ஆறேழு மாதம் அவள் வேலைக்கு வரத்தான் வேண்டும். இளைப்பும் கூடவே வரும்.

மறுநாள் வேனில் ஏறும்போதே பஞ்சம்மாள் கேட்டாள்: இன்னொரு சாவி எங்கே?

ராஜபாண்டியன் கால்சட்டைப் பையிலிருந்து வளையத்தை எடுத்து ஆட்டினான். இரண்டு சாவியும் அதிலேயே இருந்தன, மஞ்சள் கயிற்றால் சேர்த்துக் கட்டப்பட்டு. வண்டி எடுத்த அன்றைக்கு இருக்கங்குடி மாரியம்மன் சன்னதியில் வைத்துப் பூசை செய்து கட்டியது. பிரிக்கக் கூடாது. இதற்கு முந்தைய வண்டியின் சாவிகளைப் பிரித்து வைத்த மூன்றாம் மாதம் அது கண்மாய்க்குள் இறங்கிவிட்டதாம். அன்று ஓட்டியவர் தூங்கிவிட்டதைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. பழி சாவிகள்மேல் விழுந்தது. ஒன்று தொலைந்தால் உதவட்டும் என்று வண்டிக் கம்பெனி கொடுத்த இரண்டு சாவிகளும், தொலைந்தால் சேர்ந்தே தொலையும்படி பத்திரப்படுத்தப்பட்டிருந்தன.

பஞ்சம்மாள் வாதாடவில்லை. கொழுந்தனிடம் அரை மணி நேரத்துக்குச் சாவியை வாங்கி, பேருந்து நிறுத்தத்தில் குடைக்கும் பூட்டுக்கும் வேலை பார்ப்பவரிடம் ஒரு நகல் அறுத்துக்கொண்டாள். அறுத்த கையோடு சோதித்தும் பார்த்தாள். கதவு திறந்தது. என்ஜின் வாயே திறக்கவில்லை. வாசல்வரை வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகும் சொந்தக்காரர்களைப் போன்ற சாவி அது.

"விடுங்க மதினி, சாவி இல்லாட்டி என்ன, நாந்தான் இருக்கேன்ல" என்றான் ராஜபாண்டியன்.

"அதான் பயமா இருக்கு" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தூரில் கார் சாவி செய்யும் இசக்கிப்பாண்டியைத் தேடிப்பிடித்தாள். அவர் சாவியின் தலைக்குள் ஒரு சின்ன மின்னணுச் சில்லு இருப்பதாகவும், வண்டி அதை அடையாளம் கண்டால்தான் கிளம்பும் என்றும் சொன்னார். புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்த வண்டி வர வேண்டும், ஆர்சி புத்தகம் வர வேண்டும், முதலாளி வர வேண்டும். இந்த வண்டிக்கு, இருக்கிற சாவிகள் அத்தனையும் அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வண்டி அதை மறந்துவிடும். ஒரு சாவியாவது இருக்கும்போதே வந்துவிடுங்கள், எல்லாம் தொலைந்தபின் வருகிறவர்களுக்குத்தான் செலவும் அலைச்சலும் என்றார். வந்து கேட்டவளுக்கெல்லாம் செய்துகொடுக்காத அந்த மனிதர்மேல் அவளுக்கு மரியாதை வந்தது.

ராக்கப்பன் மக்காச்சோளம் காயப்போட்ட களத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"ஏ பஞ்சம்மா, ஆத்தா சன்னதியில வச்சுக் கட்டுனத பிரிக்கச் சொல்றியா?"

"பிரிக்க வேணாம் மொதலாளி. ஆத்தா கட்டுனது ரெண்டு. அது ரெண்டும் சேந்தே இருக்கட்டும். மூணாவதா ஒண்ணு செய்யக் கூடாதுன்னு ஆத்தா சொல்லிருக்காளா?"

ராக்கப்பன் யோசித்தார். "அப்படிச் சொல்லல."

"அப்ப செஞ்சிருவோம்."

"அத நீ எங்கயாச்சும் தொங்கவிடுவ. எவனாச்சும் வண்டியக் கிளப்பிட்டுப் போயிட்டான்னா?"

"போறவன் பின்னாடி இருபது பொம்பளைக ஓடி வருவோம். மத்த ரெண்டும் ராஜபாண்டியன் பையில இருக்கே, அங்கன இருந்து எவனாச்சும் உருவிட்டுப் போனா யாரு வருவா, நீங்களா?"

அவர் சோளத்தைப் பார்த்தார். சோளம் உதவவில்லை. செலவை இருபது பேரும் பார்த்துக்கொள்வதாக அவள் சொன்னதும், அம்மனின் சம்மதம் முழுதாகக் கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு எல்லோரும் சாத்தூர் போனார்கள். எந்தச் சாவியும் விட்டுப்போகவில்லை. கட்டு கட்டாகவே இருந்தது. அந்த மஞ்சள் கயிறு உருப்படியாகப் பயன்பட்ட நாள் அது ஒன்றுதான்.

சாவி வந்ததும், அதை எங்கே வைப்பது என்று அடுத்த பிரச்சினை. வேனுக்குள்ளேயே வைத்துவிட்டால் தொலையாது என்றான் ராஜபாண்டியன். பூட்டிய வேனுக்குள் வேனின் சாவி: தொலையாது என்பது உண்மைதான். வாட்ச்மேன் பிரபாகரன், தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வதாகச் சொன்னார். அவர் சாப்பிடப் போகும்போது பெட்டியின் சாவியும் இடுப்பில் போகும். அப்படியானால் பெட்டிக்கு ஒரு நகல், அந்த நகலுக்கு ஒரு பெட்டி என்று எம்புட்டுத் தூரம் போவது என்று பஞ்சம்மாள் கேட்டாள். முடிவில் கேட் அறைச் சுவரில், வாட்ச்மேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு ஆணி அறைந்தாள். உயரத்தைத் தன் கையால் அளந்தாள். அவளைவிடக் குட்டையான பானுப்பிரியாவின் கையாலும் ஒருமுறை.

சாவி மட்டும் இருந்தால் வண்டி ஓடாது. அங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர் போர்மேன் புகழேந்தி ஒருவர்தான்.

"அக்கா, நான் போர்மேன். டிரைவர் இல்ல."

"வேன் ஓட்டத் தெரியும்ல தம்பி?"

"தெரியும்."

"அன்னிக்கு வந்து தெரியாதுன்னு சொல்லிறாதீங்க. அம்புட்டுத்தான் கேக்கேன்."

கிளப்பிப் பார்க்காத சாவியை அவள் நம்பத் தயாராக இல்லை; ஒருமுறை ஏமாந்தவள். ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும், ராஜபாண்டியன் தன் சாவிக் கட்டோடு தள்ளி நிற்க, புகழேந்தி மூன்றாவது சாவியால் வேனைக் கிளப்பிக் காட்ட வேண்டும். நாலாவது வாரம் அவருக்குச் சலித்துவிட்டது. நீங்களே கிளப்பிக்கோங்க என்று கிளட்சை மிதிக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் தடவை வேன் ஒரு குதி குதித்து நின்றது. இருபது பெண்களும் சிரித்தார்கள். அடுத்த திங்கள் குதிக்கவில்லை. வண்டியை நிறுத்துவதிலும் அவள் கை வைத்தாள்: மூக்கு சாலையைப் பார்த்து நிற்க வேண்டும், பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது. ராஜபாண்டியன் இதைத் தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தான். வண்டியை மட்டும் அவள் சொன்னபடியே நிறுத்தினான்.

ஆவணியில் ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு பானுப்பிரியாவுக்கு மறுபடியும் இளைப்பு வந்தது. மருந்து கேட்கவில்லை. ராஜபாண்டியன் வீட்டில் இருந்தான். வாட்ச்மேன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்.

பஞ்சம்மாள் ஆணியிலிருந்து சாவியை எடுத்து, தானே வண்டியைக் கிளப்பி வைத்துவிட்டு இறங்கினாள். புகழேந்தி ஏறி ஓட்டினார். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் பின்சீட்டில் உட்கார்ந்து, இந்தத் தடவை உதடு நீலம் பாரிக்கும் முன்பே சாத்தூர் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.