அழைக்காத வீட்டில் நுழையாதவன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில், தயாராகி வரும் இரும்புச் சாமான்களைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. குறையே இல்லாமல் ஒன்று வந்தால்தான் எனக்குச் சந்தேகம் அதிகமாகும். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி விடுவதில்லை. பால் பாக்கெட்டிலிருந்து பக்கத்து ஃப்ளாட்காரரின் சிரிப்பு வரை எதையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். முகப்பேரில் எங்கள் பிளாக்கில் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

மண்ணூர்பேட்டையில் என் மனைவியின் அண்ணன் வீடு கட்டினார். புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தன்று மச்சான் மாடி வாசலில் நின்று, வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து ‘வாங்க, வாங்க’ என்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து பிரியாணிக்காரரிடமிருந்து போன் வந்தது என்று திரும்பிக்கொண்டார். அந்த போன் நிஜமாகவே வந்ததா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிக் கீழே இறங்கியவன், மறுபடி ஏறவில்லை.

அதிலிருந்து வருஷக்கணக்காக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்ததும் மனைவியை அங்கே இறக்கிவிட்டு, எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அண்ணன்தான். நாங்கள் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கோ அந்த ஒரு ‘வாங்க’ வேண்டும். அவர் வாயால் வேண்டும். வீம்பு என்றால் வீம்புதான்.

பொழுது போக வேண்டுமே. போனில் படம் பார்க்க ஆரம்பித்தேன். அப்படித்தான் வெள்ளைக்காரப் படங்களில் வரும் அந்த ரத்தக் காட்டேரிப் பிரபு எனக்கு அறிமுகமானான். முதலில் ஒரு படம், பிறகு அதே கதையில் இன்னொன்று. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. யார் புளுகுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள மூல நாவலையே வாங்கிப் படித்தேன். என் சந்தேகம் சரி. ஒரு படத்தில் அவன் காதலில் உருகி அழுகிறான். நாவலில் அப்படி ஒரு காதலே இல்லை. தலையைப் படிய வாரி விருந்துக்குப் போகிறவன் மாதிரி நிற்கிறான் இன்னொரு படத்தில். நாவலில் அவனுக்கு வாய் நாறும்.

ஆனால் நாவலில் ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வீட்டில் இருக்கும் யாராவது ஒருவர் அழைக்காமல் அவனால் முதல்முறை அந்த வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. எவ்வளவு பெரிய சக்தி இருந்தும் வாசலோடு சரி. வெள்ளைக்காரர்கள் இதைச் சாபம் என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் இதற்குப் பெயர் மானம். அதோடு, தன் கோட்டைக்கு விருந்தாளி வந்தால் அவனே வாசலில் நின்று வரவேற்கிறான். பெட்டியைத் தூக்குகிறான், பரிமாறுகிறான், கூட உட்காரச் சொன்னால் ‘நான் சாப்பிட்டாயிற்று’ என்கிறான். நம்மவர் யாராக இருந்தாலும் அவன்மேல் கடைசிவரை சந்தேகமே வந்திருக்காது.

பிறகு நான் படங்களை ஒரே ஒரு குறைக்காகத்தான் பார்த்தேன். அழைத்தார்களா, இல்லையா? அழைக்காமல் ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்ந்தால் அந்தப் படம் கழிவு. வசனமே இல்லாத மிகப் பழைய படம் ஒன்றில், அந்தப் பெண் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைக்கிறாள், அவ்வளவுதான். அவன் வந்துவிடுகிறான். ஒரு வார்த்தை கிடையாது. அதையும் கழித்துக் கட்டினேன்.

மேலே இருந்து சாப்பாடு வரும். மச்சானின் மனைவி டிபன் பாக்ஸில் போட்டு என் மனைவியிடம் கொடுத்து அனுப்புவார். சாப்பிட்டுவிட்டேன் என்று திருப்பி அனுப்புவேன். டீயும் பன்னும்தான் சாப்பிட்டிருப்பேன், வயிறு கூவும். ஆனாலும் சாப்பாடு கீழே வந்தால் ஆள் மேலே வர வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் வேலையில் இருந்தபோது மனைவி போன் செய்தாள். “அண்ணனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுங்க. பேச்சு வர்ல.”

முதலில் என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? என்னை மேலே ஏற்ற அண்ணனும் தங்கையும் சேர்ந்து போடும் நாடகம் என்று. ஆஸ்பத்திரி அவர் வீடு இல்லை, அங்கே அழைப்பு தேவையில்லை என்பதால் போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறாரா, என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டாரா என்று நின்று கவனித்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு முதல் ஞாயிறு. மனைவி மேலே போய்விட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தேன், படம் ஓடவில்லை மனதில். அந்த வார்த்தையைச் சொல்ல இனி அவரிடம் வாய் இல்லை. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழைப்பே வராத வீட்டு வாசலில் நான் இன்னும் எத்தனை காலம் உட்கார்ந்திருப்பேன்?

அப்போதுதான் அவருக்கு வாங்கிய மாத்திரைப் பை வண்டிக் கொக்கியிலேயே தொங்குவதைப் பார்த்தேன். கிரில் கதவில் மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்று ஏறினேன். மாட்டுவதற்குக் கதவு சாத்தியிருக்க வேண்டுமே? கிரில் திறந்திருந்தது. உள்கதவும் திறந்திருந்தது. நேர் எதிரே நாற்காலியில் வாய் ஒரு பக்கம் இழுத்தபடி மச்சான். என்னையே பார்த்தார். நான் வாசலிலேயே நின்றேன். சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

“கதவு தொறந்துதான் கீது, தம்பி. நீங்க கீய குந்திகினு கீற வரைக்கும் சாத்த உடமாட்டாரு. ஊடு கட்டுனதுலேர்ந்து அப்டித்தான்.”

இப்போதைக்கு ஒப்பேற்றுகிற பேச்சு என்றுதான் பட்டது. கண் தானாகக் குறை தேடியது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதன் அடியில் ஒரு இரும்பு வட்டு முட்டுக் கொடுத்திருந்தது. எஸ்டேட்டில் கழித்துப் போடுகிற சாமான். குனிந்து நகர்த்தினேன். வெள்ளை டைல்ஸில் வட்டமாகத் துரு ஏறியிருந்தது. விரலால் அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை. எத்தனையோ மழைக்காலம் அதே இடத்தில் இருந்தால்தான் துரு அப்படி இறங்கும். இரும்பில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

நிமிர்ந்தேன். மச்சானின் கண் கலங்கியிருந்தது, என்னுடையதும்தான். வட்டை அதே இடத்தில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். என் மனைவி கையில் கரண்டியோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“சாப்டீங்களா, தம்பி?” என்று கேட்டார் மச்சானின் மனைவி.

இத்தனை வருஷமும் சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது. மச்சான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இல்லக்கா. பசிக்குது.”