தோட்டத்து விருந்தும் ஒரு பெயர்ப்பட்டியலும்

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியது புஷ்பம் அக்காவின் அண்ணன் மகள். "அத்தை போயிட்டாங்க சார், களுபோவில ஆஸ்பத்திரியில. நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கிறோம்." மறுநாள் ஜிந்துப்பிட்டி வீட்டில் பதினைந்து பேர்கூட இல்லை. தோட்டத்தில் அவருடன் மண் கொத்தியவர்களில் ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கலவரத்தில் எரிந்த வீடொன்றின் வளவில்தான் எங்கள் நலன்புரிச் சங்கம் அந்தத் தோட்டத்தைப் போட்டது. கமிட்டியில் இருந்தவர்கள் வசதியான வெள்ளவத்தைக்காரர். கொத்தியவர்கள் போருக்குத் தப்பி வன்னியிலிருந்து வந்து லொட்ஜ்களில் அடைபட்டுக் கிடந்தவர்கள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக வேலை பார்த்த புஷ்பம் அக்கா, ஓய்வு நாளெல்லாம் அங்கே கிடந்தார். முதல் மாதம் முழுக்கக் கண்ணாடித் துண்டு பொறுக்கினார்.

முதல் அறுவடைக்கு விருந்து வைப்பது என்று முடிவானது. நன்கொடையாளர்களுக்குக் கதிரை, தோட்டக்காரருக்குப் பாய் என்றார் தலைவர். "கத்தரிக்கா நட்டவங்க தரையில, காசு குடுத்தவங்க கதிரையிலயா? அப்ப எல்லாருக்கும் பாய் போடுங்க சார். முட்டி வலிக்கிறவங்க பரிமாறட்டும்," என்றார் அக்கா. தலைவருக்கு முகம் கறுத்தது. எல்லோருக்கும் பாய்தான் என்றானது.

தமிழர்கள் கூடுவதென்றால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டிய காலம். செயலாளர் நான். வருபவர்களின் பெயர் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இரண்டு விபரம் கேட்டால் ஐந்து விபரம் கொடுக்கும், கோப்பு எழுதிப் பழகிய லிகிதர் புத்தி எங்களுடையது. பெயர், அடையாள அட்டை இலக்கம், லொட்ஜ், அறை, சொந்த ஊர் என்று கோடு போட்டு, அழகான சிங்களத்தில் எழுதி உறையை ஒட்டினேன். அக்காவுக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்.

விருந்தன்று விடியற்காலை லொட்ஜ்களுக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. பட்டியலைப் பார்த்து அறை அறையாகத் தட்டிப் பன்னிரண்டு பேரை ஏற்றினார்கள். தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. தலைவர் விருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா கிழங்கையும் கத்தரிக்காய்க் குழம்பையும் கீரையையும் ஓட்டோவில் ஏற்றினார். "ஏறுங்க தம்பி. நட்டவங்க சாப்பிடணும்ல," என்றார் என்னிடம்.

பொலிஸ் நிலைய வாசலில் பெண்கள் நின்றார்கள். பிடிபட்ட யோகராசாவின் மனைவி நேரே எங்களிடம் வந்தார்.

"ஆர் எங்கட பேரைக் குடுத்தது?"

அக்கா குழம்புச் சட்டியை இறக்கி வைத்தார்.

"நாந்தாம்மா கொண்டாந்து குடுத்தேன்."

"தோட்டக்காட்டுப் புத்தியைக் காட்டிப்போட்டாய் என்ன?"

அக்கா பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் மன்றாடி, சாப்பாட்டை உள்ளே அனுப்பினார். பதினொரு பேர் மாலைக்குள் வெளியே வந்தார்கள். யோகராசா பதினொரு மாதம் கழித்து வந்தார், ஒரு காது கேட்காமல்.

திரும்பும் வழியில் அக்கா கேட்டது இவ்வளவுதான்: "அவங்க கேக்காதத ஏன் தம்பி எழுதுனீங்க?"

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம். என்னைய ஏசுனா நான் தாங்கிக்குவேன். ஒங்களைய ஏசுனா கமிட்டி தோட்டத்தைப் பூட்டிட்டு ஓடிரும்."

உண்மை. நாங்கள் ஓடியிருப்போம். மலையகத்துப் பெண் காட்டிக்கொடுத்தாள் என்று நம்புவது வெள்ளவத்தைக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! கமிட்டிக் கூட்டத்தில் மற்றவர்கள் அப்படிச் சொன்னபோது நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் தோட்டத்தில் ஒருவரும் அவருடன் கதைக்கவில்லை. அவர் வந்தார், தண்ணீர் ஊற்றினார், போனார்.

போன வருடம் உரிமையாளர் காணியை விற்றுவிட்டார். காப்பாற்றுவதற்குத் தோட்டமும் இல்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

யோகராசாவின் மனைவிக்கும், செத்தவீட்டுக்கு வராத மற்றவர்களுக்கும்: அந்தப் பட்டியலின் கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. புஷ்பம் அக்கா அந்த உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கேட்காததை ஏன் எழுதினீர்கள் என்ற அந்த ஒரு கேள்வி. இதையும் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. எழுதிவிட்டேன்.