தீபாவளி வரைக்கும் நிறுத்திய மாத்திரை

மும்பை தாராவியில் நான் முறுக்கு டின் சுமந்த வருஷம், ஒரு அக்கா எங்கள் பட்டறையில் கைமுறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒல்லியானவர். நெற்றியில் எப்போதும் மாவு அப்பியிருக்கும். ஒவ்வொரு தட்டு முடிந்ததும் வலது கையை நீட்டி விரல்களையே பார்ப்பார்.

அவருக்குப் பைபோலார். சில மாதம் படுக்கையை விட்டு எழமாட்டார். சில வாரம் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பார். இந்த இரண்டையும் மாத்திரை அடக்கி வைத்திருந்தது. ஆனால் அதனால் கை நடுங்கியது, முறுக்கு கோணியது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவர் மாத்திரையை அடுப்பில் போடுவதைப் பார்த்துவிட்டேன்.

“என்னக்கா இது?”

“சும்மா கெட. கோணல் முறுக்க கடைக்கார சேட்டு வாங்குவானா? தீவாளி கழியட்டும், மறுபடி போட்டுக்கிடுதேன். நீ அண்ணாச்சிட்ட சொன்னேன்னா, இந்த எண்ணெய ஒம் மண்டையில ஊத்திருவேன், பாத்துக்கோ.”

அண்ணாச்சி அவர் கணவர். நான் சிரித்துவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன்.

இரண்டு வாரம் முறுக்கு வட்டம் பிசகாமல் வந்தது. பிறகு அவர் தூங்குவதை நிறுத்தினார். தீபாவளிக்கு முந்தின நாள் காலை, சரக்கு முழுவதையும் ரோட்டில் போகிறவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார். தடுத்த அண்ணாச்சியை அடித்தார். நாலு பேர் பிடித்து டாக்சியில் ஏற்றினோம்.

கை நடுங்குகிறது என்று சொல்லியிருந்தால் மருந்தை மாற்றிக் கொடுத்திருப்பேனே என்றார் ஆஸ்பத்திரி டாக்டர், ஹிந்தியில்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “மாத்திரைய நிறுத்தினது ஒனக்குத் தெரியுமாடே?”

“தெரியாது அண்ணாச்சி.”

அக்கா கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை நன்றியா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.